பழைய காரைப் பிரித்துப் பார்த்த மேதை ராய்ஸ்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தச் சோதனை வந்தே தீரும். கார் நடுவழியில் நின்றுவிடும். நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டறையில் விடுவார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பெரிய தொகையைச் சொல்வார். சொந்தக்காரருக்குத் தலை சுற்றும்.

அந்தப் பணத்தைக் கொட்டி ரிப்பேர் செய்வதா? வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடுமோ? இந்தக் கவலையில் தூக்கம் இழந்தவர்கள் உலகம் எங்கும் உண்டு.

இங்கிலாந்தில் ஒருவர் இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடினார். ஒரு பழைய காரைப் பிரித்துப் பார்த்ததில்தான் அவருடைய புகழே தொடங்கியது. அவர் பெயர் ஹென்றி ராய்ஸ். "ரோல்ஸ் ராய்ஸ்" என்ற உலகப் பிரசித்தமான பெயரில் பின்பாதிக்கு உரியவர் அவரே.

பத்திரிகை விற்ற சிறுவன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1863-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஹென்றி ராய்ஸ் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் அவரே கடைக்குட்டி.

தகப்பனார் மாவு மில் நடத்தி வந்தார். தொழில் நொடித்துப் போயிற்று. பிழைப்புத் தேடி லண்டன் நகருக்குப் போனார். அங்கும் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 1872-ம் ஆண்டில் அவர் இறந்தார். அப்போது ஹென்றிக்கு வயது ஒன்பது!

அந்த வயதிலேயே சிறுவன் உழைக்க ஆரம்பித்தான். பத்திரிகை விற்றான். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது எல்லாம் சேர்த்தால் ஓர் ஆண்டு தேறலாம்.

அத்தை ஒருத்தி மனம் இரங்கினாள். ஆண்டுக்கு 20 பவுன் கட்டி, 1878-ம் ஆண்டில் பீட்டர்பரோ ரெயில்வே பட்டறையில் அவனைத் தொழில் பழக விட்டாள். பெரிய ரெயில் என்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் இடம் அது. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா? இரவு நேரத்தில் கணக்கும், மின்சாரமும், பிரஞ்சு மொழியும் தானாகவே படித்தான்.

மூன்று ஆண்டுகள்தான். அதற்குமேல் பணம் கட்ட அத்தையால் முடியவில்லை. ராய்ஸ் பட்டறையை விட்டு வெளியேறினார். வேலை தேடி அலைந்து, லீட்ஸ் நகரில் ஆயுதக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வாரம் 11 ஷில்லிங் கூலிக்குச் சேர்ந்தார். பிறகு மின்சார விளக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மின்சாரம் அப்போது புதிய தொழில். அதில் பட்டம் பெற்றவர்கள் குறைவு. கையில் திறமை உள்ளவனுக்கு இடம் இருந்தது.

பட்டறைக்கு மேலேயே வீடு

1884-ம் ஆண்டில் ராய்ஸ் சொந்தத் தொழில் தொடங்கினார். அவரிடம் இருந்த சேமிப்பு 20 பவுன். கூட்டாளி எர்னஸ்ட் கிளேர்மான்ட் 50 பவுன் போட்டார். மான்செஸ்டர் நகரில் குக் தெரு என்ற இடத்தில் பட்டறை எழுந்தது. இருவரும் பட்டறைக்கு மேலே உள்ள அறையிலேயே குடியிருந்தார்கள்.

முதலில் மின்சார மணி செய்தார்கள். பிறகு டைனமோ. அதற்குப் பிறகு பெரிய பாரங்களைத் தூக்கும் மின்சாரக் கிரேன். ராய்ஸ் கிரேன் என்றால் சத்தம் இல்லாமல் வேலை செய்யும், சீக்கிரம் கெடாது என்று பெயர் வந்தது. தொழில் பெருகியது.

வேலை என்று வந்துவிட்டால் ராய்ஸுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நள்ளிரவு வரை பட்டறையில் இருப்பார். வீட்டுக்குப் போனாலும் மின்சார விளக்கைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் வேலை செய்வார். உடம்பு என்ற யந்திரத்துக்கும் எண்ணெய் போட வேண்டும் என்பதை அவர் மறந்தே போனார். அதன் பலனைப் பின்னால் அனுபவிக்க நேர்ந்தது.

தென்ஆப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குப் பிறகு வியாபாரம் மந்தமாயிற்று. ஜெர்மன் கிரேன்களும் அமெரிக்கக் கிரேன்களும் மலிவாக வந்து குவிந்தன. விலையைக் குறைத்து மட்டமான சரக்கைச் செய்ய ராய்ஸ் சம்மதிக்கவில்லை. கவலையும் அதிக உழைப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. ஓய்வுக்காக 1902-ம் ஆண்டில் தென்ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் பிரயாணம் போய் வந்தார்.

வீட்டுக்கு வந்தது பழைய கார்

ஊர் திரும்பியபின், 1903-ம் ஆண்டு வாக்கில் ராய்ஸ் ஒரு கார் வாங்கினார். "டெக்காவில்" என்ற பிரஞ்சுக் கார். இரண்டு சிலிண்டர், பத்து குதிரை சக்தி. புதிது அல்ல, ஏற்கனவே வேறு ஒருவர் ஓட்டியது.

மோட்டார் தொழில் அப்போது தவழும் குழந்தை. எந்தக் காரும் சொன்னபடி கேட்காது. வெளியே புறப்பட்டால் எப்போது திரும்புவோம் என்பது நிச்சயம் இல்லை. டெக்காவில் அந்தக் காலத்து நல்ல கார்களில் ஒன்றுதான். ஆனாலும் ராய்ஸின் காதுக்கு அதன் சத்தம் பொறுக்கவில்லை. என்ஜின் அதிர்ந்தது. மின்சாரப் பொறி ஒழுங்காக விழவில்லை. மின்சாரத்திலேயே ஊறியவருக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ரிப்பேர் செலவைக் கணக்குப் பார்த்திருப்பார். கட்டுப்படியாகவில்லை என்றால் விற்றிருப்பார்.

ராய்ஸ் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். இது ஏன் தேய்ந்தது? அது ஏன் ஆடுகிறது? இந்த இடத்தில் ஏன் சத்தம் வருகிறது? கெட்டுப்போன பாகத்துக்குப் பதிலாக அதேபோல் இன்னொன்றைப் போட்டால், அதுவும் அதே இடத்தில் அதேபோல்தானே கெடும்? இதுதான் அவருடைய யோசனை. மாற்ற வேண்டியதை மாற்றினார். திருத்த வேண்டியதைத் திருத்தினார். கார் முன்னைவிட நன்றாக ஓடியது.

இந்தப் பரிசோதனையில் அவருக்கு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. சில பழுதுகள் தேய்மானத்தால் வருபவை. ஒரு பாகத்தை மாற்றினால் தீர்ந்துபோகும். அதற்குச் செலவு செய்யலாம். சில பழுதுகள் அமைப்பிலேயே இருப்பவை. எத்தனை தடவை ரிப்பேர் செய்தாலும் திரும்பத் திரும்ப வரும். அதற்குச் செலவு செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

பழைய காரைப் பார்த்துப் பார்த்து, குறை இல்லாத புதிய கார் ஒன்றைத் தாமே செய்வது என்று முடிவு கட்டினார். கிரேன் வியாபாரமே ஆட்டம் கண்டிருந்த சமயம். இந்த வேளையில் மோட்டார் வேலை எதற்கு என்ற கவலை கூட்டாளிக்கு இருந்தது. ராய்ஸ் பின்வாங்கவில்லை.

1904-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் ராய்ஸ் கார் குக் தெருப் பட்டறையை விட்டு வெளியே வந்தது. முட்டாள்கள் தினத்தில் புறப்பட்ட அந்தக் கார், 15 மைல் தூரத்தில் உள்ள ராய்ஸின் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது!

பிரபு வீட்டுப் பிள்ளை

அதே ஆண்டு மே 4-ந் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஓட்டலில் ராய்ஸை ஒருவர் சந்தித்தார். அவர் சார்லஸ் ரோல்ஸ். பிரபு வம்சத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்தவர். வயது 26. லண்டனில் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து விற்று வந்தார். நல்ல இங்கிலீஷ் கார் ஒன்று கிடைக்கவில்லையே என்பது அவருடைய குறை.

ஒருவர் பத்திரிகை விற்றவர், மற்றவர் பணத்தில் புரண்டவர். காரில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்ததும் இருவருக்கும் இடையே பேதம் மறைந்தது. ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் தாமே விற்பதாக ரோல்ஸ் ஒப்புக்கொண்டார். 1904-ம் ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1906-ம் ஆண்டு மார்ச் மாதம் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பிறந்தது.

ரோல்ஸுக்கு வலது கையாக இருந்தவர் கிளாட் ஜான்சன். கம்பெனி நிர்வாகம் முழுவதும் அவர் தலையில்தான். ரோல்ஸ், ராய்ஸ் என்ற இரு பெயர்களுக்கும் நடுவே உள்ள சிறு கோடு அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்த வரலாற்றில் பின்னால் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒடிந்த தண்டு

ஆரம்பத்தில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. 30 குதிரை சக்தி உள்ள ஆறு சிலிண்டர் கார் ஒன்றை ராய்ஸ் செய்தார். அதன் உயிர்நாடியான கிராங்க் ஷாப்ட் அதிர்ச்சியில் ஒடிந்தது. புதிது போட்டால் தீரும் பழுதா அது?

ராய்ஸ் காரணத்தைத் தேடினார். நீளமான தண்டு, மெல்லிய தண்டு, முறுக்கு விசையில் நடுங்குகிறது என்று கண்டார். ரிப்பேரோடு நிறுத்தாமல் என்ஜினையே மாற்றி அமைத்தார். ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாகச் சேர்த்தார். தண்டைத் தடிமன் ஆக்கினார். அதைத் தாங்க ஏழு பேரிங்குகள் வைத்தார். இவ்வாறு 1906-ம் ஆண்டில் உருவானதே 40/50 குதிரை சக்திக் கார்.

தாம் செய்த பொருள் என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழுகிற பழக்கமும் ராய்ஸிடம் இல்லை. எட்டு சிலிண்டர் கார் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மூன்றே மூன்று கார்கள்தான் உருவாயின. அது சரிப்படாது என்று தெரிந்ததும் அந்த மாதிரியையே கைவிட்டார்கள். இன்று அதில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. மூன்று சிலிண்டர் காரும் ஆறு கார்களோடு நின்றுபோயிற்று. 1908-ம் ஆண்டில் மற்ற மாதிரிகளையும் நிறுத்திவிட்டு, 40/50 ஒன்றை மட்டுமே செய்வது என்று முடிவாயிற்று.

எதை ரிப்பேர் செய்வது, எதைத் திருத்தி அமைப்பது, எதைத் தலைமுழுகுவது என்பதில் ராய்ஸுக்கு இருந்த தெளிவு இதிலிருந்து விளங்கும்.

வெள்ளிப் பூதம்

40/50 கார் விலை உயர்ந்தது. மேற்கூடு இல்லாமல் வெறும் சாஸி மட்டுமே சுமார் ஆயிரம் பவுன். இவ்வளவு பணம் போட்டு வாங்கினால் எத்தனை நாள் உழைக்கும்? பழையது ஆனபின் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாக ஆகுமா? வாங்க வந்தவர்களின் மனத்தில் இருந்த சந்தேகம் இதுதான்.

விளம்பரத்தால் அந்தச் சந்தேகம் தீராது என்று ஜான்சன் கண்டார். 1907-ம் ஆண்டில் ஒரு காருக்கு வெள்ளி வர்ணம் பூசி, வெள்ளி முலாம் பூசிய பாகங்களைப் பொருத்தினார். பூதம்போலச் சத்தம் இல்லாமல் ஓடியதால் "சில்வர் கோஸ்ட்" என்று பெயர் வைத்தார். வெள்ளிப் பூதம் என்று பொருள். அதன் நம்பர் ஏ.எக்ஸ். 201.

ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதிகாரிகளின் மேற்பார்வையில் அந்தக் காருக்குச் சோதனை நடந்தது. லண்டனிலிருந்து கிளாஸ்கோ சுமார் 400 மைல். போவதும் வருவதுமாக இரவும் பகலும் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. ரோல்ஸும் ஜான்சனும்கூட மாறி மாறி ஓட்டினார்கள்.

629 மைல் ஆனதும் கார் நின்றது! என்ன கோளாறு? சாலையின் குலுக்கலில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டது. அதைத் திறந்துவிட ஒரு நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு 14,371 மைல் கோளாறு என்று ஒரு தடவைகூட நிற்காமல் கார் ஓடி முடித்தது. அதற்கு முன் இருந்த சாதனையைப்போல் இது இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆக மொத்தம் 15,000 மைல். சுமார் 24 ஆயிரம் கிலோ மீட்டர். அந்தக் காலச் சாலைகளில், அந்தக் காலக் கார்களுக்கு, அது ஓர் ஆயுள்!

முக்கியமான சோதனை இனிமேல்தான் இருந்தது. கிளப் அதிகாரிகள் காரை முழுவதும் பிரித்தார்கள். எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். என்ஜின் பேரிங்குகளில் தேய்மானம் இல்லை. சிலிண்டர்களில் இல்லை. கியரிலும் இல்லை. சில்லறைப் பாகங்கள் சிலவற்றில்தான் தேய்மானம் காணப்பட்டது. அவற்றை மாற்றி, காரைப் புத்தம் புதிய நிலைக்குக் கொண்டுவர ஆகும் பாகங்களின் விலை என்ன என்று கணக்குப் போட்டார்கள்.

2 பவுன், 2 ஷில்லிங், 7 பென்ஸ்!

அன்றைய நாணய மாற்றில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். அப்படிப் பார்த்தால் சுமார் 32 ரூபாய்தான். டயரும் பெட்ரோலும் தனி. டயர் அப்போது பெரிய செலவுதான். ஆனால் அவை எந்தக் காருக்கும் உண்டு. யந்திரத்தின் தேய்மானத்துக்கு ஆன விலை அந்த 32 ரூபாய்தான்.

உலகத்தின் தலைசிறந்த கார் என்ற பெயர் இதற்குப் பிறகு நிலைத்துவிட்டது. இந்தியாவின் சமஸ்தான மன்னர்கள்கூட ரோல்ஸ் ராய்ஸ் கார்களைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

ரகசியம் எங்கே?

இத்தனை குறைந்த ரிப்பேர் செலவு எப்படிச் சாத்தியமாயிற்று? முன்னாலேயே செலவு செய்தார் ராய்ஸ். இதுதான் ரகசியம்.

சட்டங்களை இணைக்க மற்றவர்கள் ரிவெட் அடித்தார்கள். ரிவெட் காலப்போக்கில் தளர்ந்து ஆடும் என்று ராய்ஸ் கருதினார். துவாரத்தைக் கூம்பு வடிவத்தில் கடைந்து, அதற்கு அளவாகக் கடைந்த போல்ட்டுகளைப் பொருத்தினார். வேலை அதிகம், கூலி அதிகம். ஆனால் ஆண்டுகள் ஆனாலும் ஆட்டம் இல்லை.

டெர்பி நகரில் 1908-ம் ஆண்டில் திறந்த புதிய தொழிற்சாலையில், காரை நின்ற இடத்திலேயே குலுக்கி எடுக்கும் யந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். சாலையில் பல மாதங்களில் ஒடியக்கூடிய பாகம் அந்த யந்திரத்தில் சீக்கிரமே ஒடியும். ஒடிந்ததைப் பலப்படுத்துவார்கள். மறுபடியும் குலுக்குவார்கள்.

விற்றபிறகும் கம்பெனி காரைக் கைகழுவவில்லை. காரோட்டிகளுக்குப் பராமரிப்பு முறைகளைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் நடத்தியது. கார் சொந்தக்காரர்களிடம் இன்ஸ்பெக்டர்களை அனுப்பிக் காரைச் சோதிக்கச் செய்தது. சிறிய பழுதைப் பெரிதாக வளரவிடாமல் பார்த்துக்கொள்வதே இதன் நோக்கம்.

வெள்ளிப் பூதம் என்ன ஆயிற்று? 1908-ம் ஆண்டில் அதை ஒருவர் வாங்கினார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். லட்சக்கணக்கான மைல் ஓடிய பிறகு 1948-ம் ஆண்டில் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வகைச் சாஸியில் கட்டிய கவச மோட்டார்கள் முதல் உலக யுத்தத்தில் அரேபியப் பாலைவனத்தில் ஓடின. 1920-க்குப் பின் கட்டியவற்றில் சில, 1940-ம் ஆண்டிலும் எகிப்துப் பாலைவனத்தில் போர் புரிந்தன!

பழுதுபட்ட மனிதர்

1910-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி பேரிடி விழுந்தது. போர்ன்மவுத் என்ற இடத்தில் விமானப் போட்டி. ரோல்ஸ் ஓட்டிய விமானத்தின் வால் பகுதி முறிந்தது. விமானம் விழுந்து அவர் மாண்டார். அவருக்கு வயது 32.

அடுத்த ஆண்டு ராய்ஸ் படுக்கையில் விழுந்தார். பல வருடங்களாகச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்து உழைத்ததற்கு உடம்பு வட்டியும் முதலுமாக வசூலித்தது. குடலில் கடுமையான நோய். இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

கம்பெனியின் முன்னால் இப்போது பெரிய கேள்வி நின்றது. ரோல்ஸ் போய்விட்டார். ராய்ஸ் நடமாட முடியாத நோயாளி. பிழைத்தாலும் தொழிற்சாலைப் பக்கம் வரமுடியாது. கார்களோ உலகப் புகழ் பெற்றுவிட்டன. படித்த என்ஜினீயர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு தொகையைக் கொடுத்து ராய்ஸை ஓய்வில் அனுப்பிவிட்டு வேறு ஒருவரைத் தலைமை என்ஜினீயர் ஆக்கினால் செலவு மிச்சம். வியாபாரக் கணக்கு அப்படித்தான் சொல்லும்.

ஜான்சன் வேறு கணக்குப் போட்டார்.

ஆபீஸ் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு, ராய்ஸை அழைத்துக்கொண்டு பிரயாணம் புறப்பட்டார். பிரான்ஸ், இத்தாலி, எகிப்து என்று வெயில் அடிக்கும் தேசங்களில் நீண்ட பயணம். பிரான்சின் தென்கடற்கரையில் லெ கனடெல் என்ற இடம் ராய்ஸுக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே அவருக்கு வீடு கட்டப்பட்டது. பக்கத்திலேயே படம் வரையும் ஆபீஸ் ஒன்றும், உதவி என்ஜினீயர்கள் தங்க ஒரு வீடும் எழுந்தன.

1912-ம் ஆண்டில் நோய் மறுபடியும் முற்றியது. இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து பெரிய ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. எதல் ஆபின் என்ற நர்ஸ் அன்றிலிருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அளந்து கொடுத்த சாப்பாடு. அளந்து கொடுத்த வேலை. ராய்ஸ் அதிக நேரம் உழைத்தால் நர்ஸ் தடுத்துவிடுவார்.

குளிர்காலத்தில் பிரான்ஸ், கோடையில் இங்கிலாந்துக் கடற்கரை என்று வாழ்க்கை நடந்தது. டெர்பி தொழிற்சாலையில் அவர் மறுபடி வேலை பார்க்கவே இல்லை. படங்களும் கடிதங்களும் பாகங்களும் அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்குமாகப் போய்வந்தன. ஒரு பாகத்தைக் கையில் கொடுத்தால் போதும். தடவிப் பார்த்தே இது இந்த இடத்தில் பலவீனம் என்று சொல்லிவிடுவார்.

டாக்டர்கள் சில மாதக் கெடு வைத்த அந்த மனிதர் அதற்குப் பிறகு 21 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்!

செலவுக்குக் கிடைத்த வரவு

அந்த ஆண்டுகளில் ராய்ஸ் என்ன செய்தார்?

1912-ம் ஆண்டில் ஆஸ்திரிய மலைப் போட்டியில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. மூன்று கியர்கள் போதவில்லை என்று தெரிந்தது. நான்கு கியர் வைத்துக் காரைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு அதே மலைகளில் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் வெற்றிக்கொடி நாட்டின.

1914-ம் ஆண்டில் உலக யுத்தம் மூண்டது. விமான என்ஜின் செய்ய அரசாங்கம் கேட்டது. ராய்ஸ் நோயாளியாக இருந்தபடியே "ஈகிள்" என்ற 12 சிலிண்டர் என்ஜினை வகுத்தார். 1915-ம் ஆண்டு தொடக்கத்தில் அது ஓடியது. ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1919-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இரு வீரர்கள் அட்லாண்டிக் மாகடலை எங்கும் இறங்காமல் தாண்டினார்களே, அவர்களுடைய விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் என்ஜின்களே.

வெள்ளிப் பூதம் வகைக் காரைச் சுமார் 19 ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். 1925-ம் ஆண்டில் அதற்குப் பதிலாகப் புதிய "பாண்டம்" காரைக் கொண்டுவந்தார் ராய்ஸ். திருத்தித் திருத்தி ஓட்டிய பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

ஜான்சன் 1926-ம் ஆண்டில் காலமானார். நோயாளியைக் காப்பாற்றியவர் முந்திக்கொண்டார். நோயாளி தொடர்ந்து உழைத்தார்!

1929-ம் ஆண்டில் ஷ்னைடர் கோப்பைக்கான கடல் விமானப் பந்தயம் நடந்தது. அதற்காக ராய்ஸின் வழிகாட்டலில் "ஆர்" என்ற என்ஜின் உருவாயிற்று. இங்கிலாந்து வென்றது. அடுத்த ஆண்டு அரசாங்கம் அவருக்கு "ஸர்" பட்டம் தரும் பாரனெட் பதவி அளித்தது. 1931-ம் ஆண்டில் மறுபடியும் வெற்றி. அதே மாதம் அந்த என்ஜினைப் பூட்டிய விமானம் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியது. உலகில் யாரும் அதுவரை போகாத வேகம் அது.

இந்த என்ஜின்களில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இன்னொரு விமான என்ஜினுக்கு ராய்ஸ் அடி போட்டார். அரசாங்கப் பணத்தை எதிர்பாராமல், கம்பெனியின் சொந்தச் செலவில் வேலை ஆரம்பமாயிற்று. அதுவே பிற்பாடு "மெர்லின்" என்று பெயர் பெற்றது.

பட்டமும் பதவியும் வந்த பிறகும் அவர் தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் காகிதத்தில் யந்திரப் பாகங்களை வரைந்துகொண்டிருந்தார். 1933-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, மேற்கு விட்டரிங் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஸர் ஹென்றி ராய்ஸ் காலமானார். அவருக்கு வயது 70.

மெர்லின் என்ஜின் முதல் தடவையாக ஓடியது அதே ஆண்டு அக்டோபரில். ராய்ஸ் அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. 1940-ம் ஆண்டில் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கியபோது, எதிர்த்துக் கிளம்பிய ஸ்பிட்பயர், ஹரிகேன் விமானங்களில் இருந்தது மெர்லின்தான்.

1911-ம் ஆண்டில் ஒரு நோயாளிக்காகக் கம்பெனி செய்த செலவு கொஞ்சம் அல்ல. கடற்கரையில் வீடு, நர்ஸ், பிரயாணம், ஆபீஸ் என்று ஆண்டுதோறும் பணம் கரைந்தது. ஈகிள், பாண்டம், ஆர், மெர்லின் ஆகியவை அந்தச் செலவுக்குக் கிடைத்த வரவு.

எப்போது செலவு செய்யலாம்?

ராய்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் பழைய கார்க்காரரின் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகாது.

ரிப்பேர் தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்விதான். பழுது எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அடிப்படை உறுதியாக இருந்து, பாகம் மட்டும் தேய்ந்திருந்தால் தாராளமாகச் செலவு செய்யலாம். போட்ட பணம் உழைத்துக் கொடுக்கும். ஒரே பழுது மூன்றாம் தடவையும் வந்தால், அதே பாகத்தை மறுபடி வாங்கிப் போடுவதில் பயன் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துக் களைய வேண்டும். காரணம் அமைப்பிலேயே இருக்குமானால், எட்டு சிலிண்டர் காரை ராய்ஸ் கைவிட்டதைப்போல் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது. யந்திரங்களுக்கு வேளை தவறாமல் எண்ணெய் போட்டவர், தம் உடம்பைக் கவனியாமல் விட்டார். உரிய காலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் இரவுத் தூக்கத்துக்கும் ஆகும் செலவு ஒன்றும் இல்லை. அதைத் தவறவிட்டதற்கு அவர் 21 ஆண்டுகள் நோயாளியாக இருந்து விலை கொடுத்தார்.

ராய்ஸின் அஸ்தியை முதலில் டெர்பி தொழிற்சாலையில் வைத்தார்கள். பிற்பாடு அது அவர் பிறந்த ஆல்வால்டன் கிராமத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்தக் கிராமத்து மாதா கோவிலில் அவர் நிரந்தர ஓய்வு பெறுகிறார்.